நொச்சி சூடியவர்கள்

கால்பந்து ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை எழுதுகிறவன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஆட்டத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதை நாலு நாள் தொடர்ந்து படித்தால் அதுவும் ஒரு வகைக் கதைதான் என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் கதைக்கு நாயகன் உண்டு, வில்லன் உண்டு, உச்சக்கட்டம் உண்டு. கோல் போட்டவன் நாயகன். கோலைத் தவறவிட்டவன் வில்லன். மைதானத்தில் இருந்த மற்ற இருபது பேரும் திருவிழாக் கூட்டத்தில் நிற்கிறவர்கள் மாதிரி. இப்படி ஒரு நாவலை நான் எழுதினால் விமரிசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆட்டத்தை எழுதுகிறவர்களை மட்டும் நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

நான் இங்கே எடுத்துக்கொள்வது பின்வரிசையில் நின்று தடுக்கிறவனின் தொழிலை. பத்திரிகைகள் அவனைத் தடுப்பாட்டக்காரன் என்கின்றன. எங்கள் வையம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் ‘பேக்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அறுப்பு முடிந்த காட்டிலோ தண்ணீர் வற்றிய குளத்திலோ ஆட்டம் தொடங்கும்போது, ‘யாருடா பேக்?’ என்று கேட்டால் ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான். எல்லோருக்கும் முன்னால் நிற்கத்தான் ஆசை. ஓடமாட்டாதவன், உடம்பு கனத்தவன், பந்து வாங்கியவனுடைய தம்பி என்று யாரையாவது பிடித்துப் பின்னால் நிறுத்துவார்கள். அவனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நிற்பான். பெரியவர்களாகிப் பத்திரிகை படிக்கும்போதும், டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கப் போகும்போதும் நமக்கு அந்தப் பையன்களின் மனசுதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் முன்னோர்களுக்கு அப்படி இருக்கவில்லை. தமிழ்ப் புறப்பொருள் இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆநிரை கவர்கிறவன் வெட்சி சூடினால், அதை மீட்கிறவன் கரந்தை சூடினான். கோட்டையை வளைத்துக்கொள்கிறவனுக்கு உழிஞைப் பூ. உள்ளே நின்று மதிலைக் காக்கிறவனுக்கு நொச்சிப் பூ. தொல்காப்பியம் ஏழு திணைகளோடு நிறுத்திக்கொண்டு நொச்சியை உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. பிற்காலத்தில் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் திணைகளைப் பன்னிரண்டாக விரித்து நொச்சியைத் தனியாக எடுத்து வைத்தது. அதற்குள் எத்தனை மதில்களில் எத்தனை பேர் நின்று செத்திருப்பார்களோ! காக்கிறவனின் வீரம் வேறு, தாக்குகிறவனின் வீரம் வேறு, ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளக்கக்கூடாது என்று ஓர் இலக்கண ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. இலக்கிய விமரிசனம் என்றால் இதுதான். நம்முடைய விளையாட்டுப் பக்கங்கள் இன்னும் உழிஞையோடு நிற்கின்றன.

தடுக்கிறவனின் வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். பாய்ந்து விழுந்து எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதுதான் அவன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதனால் கை தட்டுகிறோம். ஆனால் ஒரு நல்ல பேக் பெரும்பாலான நேரம் அப்படி விழவேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொள்கிறான். பந்து மறுகோடியில் இருக்கும்போதே இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்து நிற்கிறான். அந்த இரண்டு அடியால் எதிரணிக்காரன் பந்தை அந்த வழியில் அனுப்பாமல் வேறு வழி தேடுகிறான். அந்த வழியில் ஆபத்து இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாம் கொட்டாவி விடுகிறோம்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. இப்படிப்பட்ட பாதைகளில் கேட்டைக் காக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்காக ஒரு மனிதர் வண்டி வரும் நேரத்துக்குக் கேட்டை மூடுகிறார், வண்டி போனதும் திறக்கிறார். மூடியிருக்கும் நேரத்தில் காத்து நிற்கிற நாம் அவரைத் திட்டுகிறோம். விபத்து நடக்காத அத்தனை நாட்களும் அவருடைய சாதனைதான். ஆனால் அந்தச் சாதனையை எந்தப் பேப்பரும் போடாது. ஒரு நாள் கண் அயர்ந்தால் மட்டும் எல்லாப் பேப்பரிலும் அவர் பெயர் வரும். பேக்கின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான உபமானம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தின் சட்டமும் இந்த உத்தியோகத்தின் சுமையை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய நாளில் பின்னால் இரண்டே பேர். முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். முன்னே நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணிக்காரர்கள் மூன்று பேர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு என்று விதி இருந்தவரையில் இரண்டு பேர் போதும். 1925இல் மூன்று என்பதை இரண்டாக்கினார்கள். உடனே கோல்கள் குவிந்தன. லண்டனில் ஆர்சனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன், நடுவிலிருந்து ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பேக்காக நிறுத்தினார். 1958இல் பிரேஸில் உலகக் கோப்பையை ஜயித்தபோது பின்வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். உலகமே அந்த அணியின் முன்வரிசையைப் பார்த்துச் சொக்கிப் போயிற்று. இரண்டு நாலான கதையை ரசிகர்கள் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. இன்றைக்கு ஓர் அணியில் எந்த வேலைக்கு ஆள் அதிகம் என்று கணக்கெடுத்தால் காவலுக்குத்தான்.

நம் நாட்டுச் சரித்திரத்திலிருந்து சில உதாரணங்களைப் பார்க்கலாம். 1911 ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. வெள்ளைக்கார அணியை வென்று அந்தக் கேடயத்தை எடுத்த முதல் இந்திய அணி அது. வங்காளத்தில் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட சிப்தாஸ் பாதுரி, அபிலாஷ் கோஷ் என்ற பெயர்கள் தெரியும். கோல் போட்டவர்கள் அவர்கள். பின்னால் நின்ற இரண்டு பேக்குகள் பூட்டி சுகுல், சுதிர் சட்டர்ஜி. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். அந்தப் பூட்ஸால்தான் அவரைச் சிலராவது நினைவு வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துப் பூட்ஸ்களுக்கு முன்னால் அன்று அவர் எப்படி நின்றார், எதைத் தடுத்தார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

அடுத்தவர் சைலேன் மன்னா. ஹௌராவில் 1924இல் பிறந்தவர். 1942இல் மோகன் பகானில் சேர்ந்து 1960 வரை வேறு கிளப்பை ஏறெடுத்துப் பார்க்காமல் அங்கேயே ஆடி முடித்தார். இந்தியப் பின்வரிசையில் அவருக்கு ஈடானவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அவருடைய வாழ்க்கையில் மூன்று ஆட்டக் கட்டங்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால் நான் சொல்லவந்தது முழுவதும் அதிலேயே இருக்கிறது.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து. பிரான்ஸோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால், எதிரிகளுக்குப் பூட்ஸ். நமக்கு ஒரு கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜயித்தது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. அதில் ஒன்றை அடித்தவர் மன்னா. ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷம் ஒரு தொழில்முறை நாட்டின் முன்வரிசையை வெறுங்கால்களோடு தாக்குப் பிடித்த பின்வரிசையில் அவர் இருந்தார். வரலாற்றில் பதிந்தது, அவருடைய வேலையே அல்லாத அந்தப் பெனால்டி.

1951 டில்லி. முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. மன்னா தலைவர். இந்தோனேஷியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0. தங்கப் பதக்கம். இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட ஸாஹு மேவாலாலின் பெயர் இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவர் பேனாவிலும் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் அந்த மூன்று முடிவுகளையும் மறுபடி ஒரு தடவை பாருங்கள். மூன்றிலும் வலது பக்கத்தில் பூஜ்யம் இருக்கிறது. போட்டி முழுவதும் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்தப் பூஜ்யங்களை எழுதியவர்கள் யார்? நமக்குப் பூஜ்யத்தைப் படிக்கத் தெரியவில்லை. அது ஒன்றும் இல்லாத இடம் என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

1952 ஹெல்சிங்கி. அதே மன்னாவின் தலைமையில் யூகோஸ்லாவியாவோடு ஆட்டம். 10-1 என்று தோற்றோம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பத்துக் கோல் வாங்கிய பின்வரிசையை யார் மன்னிப்பார்கள்? நான் விமரிசகன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷம் முன்னால் மூன்று ஆட்டத்தில் பூஜ்யம் எழுதிய மனிதர் ஒரே வருஷத்தில் தடுக்கத் தெரியாதவராகிவிட்டாரா? குளிர், ஈரத் தரை, காலில் ஒன்றுமில்லாமை, நடுவரிசை பின்னுக்கு வந்து கைகொடுக்காதது, எதிரே அந்த வருஷம் வெள்ளிப் பதக்கம் வாங்கப் போகிற அணி. முன்வரிசைக்காரன் சரியில்லாத நாளில் ஒரு கோல் குறையும். காவல் வரிசை உடைகிற நாளில் அணை உடைந்த மாதிரி. எங்கள் பக்கத்துப் பொன்னணியாறு அணையைப் பற்றி அது நிற்கிறவரையில் யாரும் பேசுவதில்லை. உடைந்தால் எத்தனை ஏக்கர் போகும் என்றுதான் பேசுவார்கள். மன்னா 2012இல் காலமானார். அவரை எடைபோடுகிறவர்கள் இந்த மூன்று கட்டங்களையும் ஒரே தட்டில் வைத்தாக வேண்டும்.

மூன்றாவது உதாரணம் ஜர்னைல் சிங். இது இன்னும் விசித்திரமானது. 1962இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. அதுவரை இந்தியா பெற்றெடுத்த ஸ்டாப்பர்களில் இவரைப் போல் ஒருவர் இல்லை என்று பலரும் சொல்லிவந்த காலம். போட்டியின் நடுவில் தாய்லாந்து ஆட்டத்தில் அவருக்கு நெற்றியில் காயம் பட்டுத் தையல் போட்டார்கள். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு யோசனை செய்தார். தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நின்று பந்தை முட்டித் தள்ள முடியாது; ஆனால் ஆளை உட்கார வைக்கவும் மனசில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார். ஜர்னைல் அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அரசியல் காரணங்களால் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்ட பெருங்கூட்டத்தின் நடுவில் இந்தியா 2-1 என்று வென்றது. மற்றக் கோலைப் போட்டவர் பி.கே. பானர்ஜி.

அன்றைக்கு ஜர்னைலின் இடத்தை அடைத்துக்கொண்டு பின்னால் நின்றவர்கள் சந்திரசேகரன், திரிலோக் சிங், அருண் கோஷ். அவர்களுக்குப் பின்னால் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நான் சொல்ல வருவது இதுதான்: இந்தியாவின் மிகச்சிறந்த தடுப்பாட்டக்காரரைப் பற்றி இன்று யாரிடம் கேட்டாலும், கட்டுப் போட்ட தலையோடு அவர் போட்ட கோலைத்தான் சொல்வார்கள். தன் தொழிலை விட்டு வெளியே போன இரண்டு நாள் அவருக்குப் புகழ் கொடுத்தது. தொழிலில் இருந்த வருஷங்கள் கொடுக்கவில்லை. ஆயுள் முழுவதும் சங்கீதம் பாடியவரை, ஒரு நாள் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியதற்காக நினைவு வைத்துக்கொள்வது போல இருக்கிறது.

வெளிநாட்டிலும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு பிரான்ஸிலிருந்து தரும் தங்கப் பந்துப் பரிசு 1956இல் தொடங்கியது. அன்று முதல் அதை வாங்கிய தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர் இரண்டு முறை, 1972இலும் 1976இலும், ஸாமர் 1996இல், கன்னவாரோ 2006இல். இங்கிலாந்தின் பாபி மூர் விதிவிலக்கான ஒரு காரியம் செய்தார். 1970இல் மெக்ஸிகோவில் பிரேஸிலுக்கு எதிரான ஆட்டத்தில், பாய்ந்து வந்த ஜயர்ஸின்யோவிடமிருந்து அவர் பந்தைப் பறித்த விதத்தை இன்றும் ரசிகர்கள் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு தடுப்பு, கோலைப்போல நினைவில் நின்றது அபூர்வம். ஆனால் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. கோல் போட்டவர் அதே ஜயர்ஸின்யோ.

தடுக்கிறவனின் பெயர் கோல் பட்டியலில் நிச்சயமாக ஏறுவதற்கு ஒரு வழி உண்டு. அது மிகவும் கொடுமையான வழி. தன் கோலிலேயே தான் போட்டுவிடுவது. கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவோடு நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். அது அவர் செய்திருக்க வேண்டிய காரியம்தான். நீட்டாமல் நின்றிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். பந்து தங்கள் கோலுக்குள் போயிற்று. கொலம்பியா 2-1 என்று தோற்றது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, சொந்த ஊரான மெதெயினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது இருபத்தேழு. ஆட்டத்தில் இத்தனை கனம் இருக்கக்கூடாது. ஆனால் முயன்றவனைத் தண்டித்து, முயலாமல் நின்றவனை விட்டுவிடுகிற ரசனையின் கடைசி எல்லை அங்கே தெரிந்தது.

இனி நம் காலத்துக்கும் நம் ஜில்லாவுக்கும் வருகிறேன். மன்னா ஜியலாஜிகல் சர்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஆடியவர். அந்த நாளில் ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தால் கிடைத்தது ஓர் உத்தியோகம். சென்னையிலும் பாங்க்குகள், ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் அணிகள் இருந்தன. காலையில் மைதானம், பிறகு ஆபீஸ். முழங்கால் போன பிறகும் மேஜையும் சம்பளமும் மிஞ்சின. 1996இல் தேசிய லீக் வந்தது, 2007இல் அது ஐ-லீக் ஆயிற்று, 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. ஆட்டமே தொழிலாயிற்று, ஒப்பந்தம் வந்தது, தொகை கூடியது. இது நல்லதுதான். ஆனால் எதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு.

திருச்சிக்காரரான தர்மராஜ் ராவணன் இந்தப் புதிய காலத்துத் தடுப்பாட்டக்காரர். 1987இல் பிறந்தவர். பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் சீரங்கம் இருக்கிற ஜில்லாவில், எல்லை தாண்டி வந்தவனின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் எல்லை காக்கும் வேலைக்குப் போயிருக்கிறாரே என்று! பந்து உதைக்கத் தெரிந்த பையனுக்கு எங்கள் பக்கத்தில் நிலையான தொழில் அணி ஏது? ராவணன் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியில் ஆடினார். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எஃப்.சி. புனே சிட்டிக்கு ஆடினார். அவர் ஆடிய காலத்து ஆட்ட அறிக்கைகளில் அவர் பெயர் பதினொன்றில் ஒன்றாக இருக்கும். அதற்குமேல் ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த அணிகளின் கதையைப் பாருங்கள். சர்ச்சில் பிரதர்ஸ் 2009இலும் 2013இலும் ஐ-லீக் சாம்பியன். மறுவருஷமே, 2014இல், உரிமம் பெறுவதற்கான நிபந்தனைகளில் தவறி லீக்கை விட்டு வெளியே போயிற்று. பிறகுதான் திரும்பி வந்தது. புனே சிட்டி 2014இல் பிறந்து 2019இல் கலைந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. பம்பாயின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. தேசிய லீக்கின் முதல் சாம்பியனான பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல் மூடப்பட்டது. நம் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் ஆடி 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. எத்தனை பெருமைப்பட்டோம்! 2021க்குப் பிறகு அந்த லீக்கில் அதன் பெயரே இல்லை.

அணி மூடினால் எல்லோருக்கும்தானே கஷ்டம், பேக்குக்கு மட்டும் என்ன தனியாக என்று கேட்பீர்கள். தனியாக இருக்கிறது. முன்வரிசைக்காரன் தன் சாமர்த்தியத்தை மூட்டை கட்டிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். பத்துக் கோல் என்றால் கோவாவிலும் பத்து, கல்கத்தாவிலும் பத்து. அந்த எண்ணைக் காட்டி அடுத்த ஒப்பந்தம் வாங்கலாம். தடுப்பு அப்படியில்லை. நாலு பேர் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி நகரவேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் எப்போது முன்னேறுவான், எப்போது தயங்குவான், பின்னால் நிற்கிற கோல் கீப்பர் எந்தப் பந்துக்கு வெளியே வருவார் என்பது வருஷக்கணக்கில் கூட ஆடித் தெரிந்துகொள்வது. பல வருஷம் ஒன்றாக மாடு பூட்டி உழுதவர்களுக்குள் இருக்கிற மாதிரி ஒரு பழக்கம். அணி கலைகிற அன்று அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. அதை மூட்டை கட்ட முடியாது. புது ஊரில், புது பாஷை பேசுகிறவனுக்குப் பக்கத்தில், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடும்.

இத்தாலியின் பாவ்லோ மால்தினி 1985இல் மிலான் அணிக்கு ஆடத் தொடங்கி 2009இல் ஓய்வு பெற்றார். இருபத்துநாலு வருஷம், ஒரே சட்டை, 902 ஆட்டங்கள். அவர் மேதை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மேதைமைக்குக் காலடியில் ஒரு நிலம் இருந்தது. அவருடைய அப்பாவே அந்த அணியின் தலைவராக இருந்தவர். மன்னாவுக்கும் மோகன் பகான் என்ற நிலம் இருந்தது. இன்றைய இந்திய பேக்குக்கு அது இல்லை. மூன்று வருஷத்தில் நாலு நிலத்தில் நாற்று நட்டுவிட்டு, ‘ஏன் விளைச்சல் காணோம்?’ என்று அவனைக் கேட்கிறோம். சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் நம்மிடம் ஏன் வருவதில்லை என்று வருந்துகிற பத்திரிகைகள், அவர்கள் உருவாவதற்கு ஒரே இடத்தில் பத்து வருஷம் வேண்டும் என்பதை ஒரு முறையாவது எழுதியிருக்கின்றனவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். யாரும் கவனிக்கவில்லை என்பதாலேயே ஒருவன் பெரிய ஆட்டக்காரனாகிவிட மாட்டான். பிரசுரமாகாத நாவலெல்லாம் அமர இலக்கியம் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தத் தவறு இங்கே வேண்டாம். மோசமான பேக்குகள் ஏராளம். அவர்களைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். இப்போது எண்ணிக்கைகள் வந்துவிட்டன. எத்தனை தடவை பறித்தான், எத்தனை தடவை குறுக்கே பாய்ந்தான் என்று யந்திரம் கணக்குச் சொல்கிறது. அது போதுமா? 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஸ்டாப்பர் யாப் ஸ்டாமை இத்தாலிக்கு விற்றது. அவர் பந்தைப் பறிக்கும் தடவைகள் குறைந்துவிட்டன என்ற கணக்கும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். பறிக்கவேண்டிய அவசியமே வராத இடத்தில் அவர் நிற்கிறார் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. விற்றது தவறு என்று பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

என் அளவுகோல் எளிமையானது. முதலாவது, ஆபத்து பிறப்பதற்கு முன்னால் அவன் எங்கே நிற்கிறான்? இரண்டாவது, அவன் பக்கத்தில் நிற்கிற சாதாரண ஆட்டக்காரன் அவனால் நன்றாக ஆடுகிறானா? மூன்றாவது, ஒரு பிழை செய்த பிறகு அடுத்த ஐந்து நிமிஷம் எப்படி ஆடுகிறான்? மூன்றாவது மிகவும் முக்கியம். முன்வரிசைக்காரன் பத்துத் தடவை தவறி ஒரு தடவை ஜயித்தால் மாலை. பின்னால் நிற்கிறவன் பத்துத் தடவை ஜயித்து ஒரு தடவை தவறினால் வசவு. அந்த வசவு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பந்துக்கு நிதானமாகக் காலை வைக்க வேண்டும். இதற்குத் தேவையான மனசு கோல் போடுவதற்குத் தேவையான மனசைவிடக் கனமானது என்று நான் கருதுகிறேன்.

கடைசியாக, நாங்கள் கதை எழுதுகிறவர்களும் இதில் பங்காளிகள். பாரதத்தில் ஒரு நாள் முழுவதும் வியூகத்தின் வாசலில் நின்று பாண்டவர் நால்வரைத் தடுத்து நிறுத்தியவன் ஜயத்ரதன். போர்த்தொழில் என்று பார்த்தால் அதைவிடப் பெரிய காவல் அந்தக் காவியத்தில் இல்லை. ஆனால் உள்ளே செத்தவன் அபிமன்யு. அதனால் ஜயத்ரதன் நமக்குப் பாவி. ராமாயணத்தில் ஜடாயு தடுக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆனாலும் அவனுக்காகக் கண்ணீர் விடுகிறோம். தோற்ற காவலனுக்கு இடம் கொடுத்த பெருந்தன்மை நம் மரபில் இருந்திருக்கிறது. வென்ற காவலனை, அவன் காத்ததால் ஒன்றும் நடக்காமல் போன நாளை, எப்படி எழுதுவது என்பதுதான் எங்களுக்குத் தெரியாத வித்தை. ஒன்றும் நடக்காததைச் சுவாரஸ்யமாகச் சொல்லத் தெரிந்தவன் வந்தால் அவன் நல்ல விளையாட்டு விமரிசகனாகவும் இருப்பான், நல்ல நாவலாசிரியனாகவும் இருப்பான்.

அதுவரை ரசிகர்கள் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்று உண்டு. அடுத்த தடவை ஒரு மாட்ச் பார்க்கும்போது, பத்து நிமிஷம் மட்டும் பந்தைப் பார்க்காதீர்கள். பின்வரிசையில் ஒருவனைப் பொறுக்கிக்கொண்டு அவனையே பாருங்கள். பந்து தூரத்தில் இருக்கும்போது அவன் என்ன செய்கிறான், எந்தப் பக்கம் கை காட்டுகிறான், யாரைக் கூப்பிடுகிறான், எப்போது இரண்டு அடி நகர்கிறான் என்று கவனியுங்கள். முதல் ஐந்து நிமிஷம் அலுப்பாக இருக்கும். ஆறாவது நிமிஷத்தில் ஒரு தாக்குதல் தொடங்கி, வழி தெரியாமல் திரும்பிப் போகும். ஏன் திரும்பிப் போயிற்று என்பது, அந்த மைதானத்தில் இருக்கும் ஆயிரம் பேரில் அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.